கொழுப்புப் பொடிக்குப் பத்தியம்

பத்தியம் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிடும் காலம் ஒன்று இருந்தது. எண்பதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியில், ஊர்காவற்றுறைப் பக்கம் ஒரு சின்ன அரசாங்க டிஸ்பென்சரியில் நான் அப்போதிக்கரியாக இருந்தேன். அப்போதிக்கரி என்றால் முழு டொக்டர் இல்லை. ஆனால் தீவில் எல்லோரும் என்னை டொக்டர் என்றே கூப்பிட்டார்கள். திருத்தி அவர்களுடைய மனத்தை நோகடிப்பானேன் என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

தலையிடிக்கு இரண்டு குளிசை கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு எழும்பமாட்டார்கள். "டொக்டர், பத்தியம் என்ன?" என்பார்கள். இருமல் பாணிக்குக் கேட்பார்கள், பூச்சி மருந்துக்குக் கேட்பார்கள், காதுக்குள் விடுகிற துளி மருந்துக்கும் கேட்பார்கள். திருக்கை முள் குத்திய காலோடு வந்த ஒருவருக்கு நான் கட்டுப் போட்டு முடித்ததும், "இந்தத் துணிக்கு என்ன பத்தியம்?" என்று கேட்டார். அவர் பகிடிக்குக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இது இங்கிலீசு மருந்து. பத்தியம் ஒரு மண்ணும் இல்லை. விரும்பினதைச் சாப்பிடுங்கோ" என்பதுதான் எல்லோருக்கும் நான் சொல்லும் மறுமொழி. படித்த மனிதன் அல்லவா. அவர்கள் திருப்தியில்லாமல் வெளியே போய், வாசலில் நிற்கும் எடுபிடி உதவியாளான ஓடலியிடம் மெதுவாகக் கேட்பார்கள். அவர் இரக்கமுள்ளவர். "கத்தரிக்காயும் நண்டும் மூண்டு நாளைக்கு வேண்டாம்" என்று தன் கையிருப்பில் இருந்து எதையாவது எடுத்துக் கொடுத்து அனுப்புவார். நோய் மாறினால் பேர் அவருக்கு.

எங்கள் டிஸ்பென்சரிக்கு ஒழுங்காக வருகிறவர்களில் ஒரு அக்கா இருந்தார். இரண்டு வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியின் மனைவி. ஐம்பத்தைந்து வயதிருக்கும். அந்தக் கரையில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை, காரணம் அவருடைய குரல். பெரிய வெள்ளிக்கு முந்திய தபசு காலத்து வெள்ளிக்கிழமைகளில் வேதக் கோயிலில் ஆண்டவருடைய பாடுகளைப் பாட்டாகப் பாடுவார்கள். அதற்கு முன்குரல் அவர்தான். பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து சுரூபத்தை இறக்கிய பிறகு, தாய் மகனைப் பார்த்து அழுகிற பாட்டை அவர் தனியே பாடுவார். அதைக் கேட்பதற்கென்றே சரவணை ஊரிலிருந்து சைவக்காரர் சைக்கிளில் வருவார்கள். நானும் சைவக்காரன்தான். நானும் போவேன்.

அந்தக் குரல் ஒருமுறை தப்பிப் பிழைத்த குரல். பல வருஷங்களுக்கு முன் தொண்டையில் கழலை வந்து, யாழ்ப்பாணத்தில் ஒப்பரேஷன் செய்து எடுத்திருந்தார்கள். கழலையோடு சேர்த்துச் சுரப்பியும் போய்விட்டதால், அதற்குப் பதிலாக ஒவ்வொரு நாளும் ஒரு சின்னக் குளிசை குடிக்கவேண்டும். அந்தக் குளிசையைப் பட்டணத்து டொக்டர்தான் எழுதிக்கொடுப்பார். எனக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று நான் நினைத்திருந்தேன். கதையின் கோணல் இங்கேதான் தொடங்குகிறது.

ஒருநாள் பட்டணத்தில் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். இரத்தத்தில் இருக்கும் கொழுப்பைப் பற்றி, இனி வரப்போகும் மருந்துகளைப் பற்றிப் பேசினார்கள். நான் புது மாப்பிள்ளை மாதிரித் திரும்பி வந்தேன். வயிற்றோட்டத்துக்கும் சொறிக்கும் மருந்து எழுதிச் சலித்துப்போன கை, கொழுப்புக்கு மருந்து எழுதத் துடித்தது. தீவுப் பகுதியில் அதை எழுதும் முதல் அப்போதிக்கரி நானாக இருக்கவேண்டும் என்று மனதுக்குள் ஒரு ஆசை. அந்த வாரம் என் முன்னால் வந்து உட்கார்ந்தவர் அக்கா. கொஞ்சம் மொத்தமான உடம்பு. பிடித்துப் பட்டணத்துக்கு இரத்தம் சோதிக்க அனுப்பிவிட்டேன்.

கொழுப்பு கூடத்தான் இருந்தது. முடிவை நான் சொன்னபோது அவருடைய புருஷன் சம்மாட்டி அண்ணை பக்கத்தில் நின்றார்.

"அவவுக்குக் கொழுப்பு எண்டு எனக்கு முப்பது வருசமாத் தெரியும் டொக்டர். இதுக்கு ஏன் யாழ்ப்பாணம் போனனாங்கள்?"

"நீங்கள் வாயை மூடுங்கோ. இது பணக்காரருக்கு வாற வருத்தம்" என்றார் அக்கா, கொஞ்சம் பெருமையோடு.

நான் என்னுடைய பெரிய மருந்துப் புத்தகத்தை அலுமாரியிலிருந்து எடுத்தேன். கொழுப்பைக் குறைக்கும் ஒரு பொடி அதில் இருந்தது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கவேண்டும். குடலுக்குள் போய்ப் பித்தத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். அதை ஈடுகட்ட உடம்பு கொழுப்பைச் செலவழிக்கும். அளவு என்ன என்று பார்த்தேன். அந்தப் பந்தி முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டேன். அந்தப் பொடி யாழ்ப்பாணத்துக் கடைகளில் கிடைக்காது. அதனால் என்ன? அக்காவின் மகன் ஜெர்மனியில் இருந்தான். நான் என் நல்ல கையெழுத்தில் மருந்துத்துண்டு எழுதிக்கொடுத்தேன். அவன் அங்கே ஒரு டொக்டரைப் பிடித்து வாங்கி, ஊருக்கு வருகிற ஒருவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டான். பெட்டிக்குள் பெரிய கடதாசி ஒன்று மடித்து வைத்திருந்தது. முழுக்க ஜெர்மன் பாஷை. அக்கா அதை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத் தலையாட்டினேன்.

"பத்தியம் தம்பி?" என்றார். அவர் மட்டும் என்னை டொக்டர் தம்பி என்பார். அவசரம் என்றால் வெறும் தம்பி.

"அக்கா, உங்களுக்கு எத்தினை தரம் சொல்லுறது? பத்தியம் இல்லை. இறால், நண்டு, கணவாய், முட்டை, தேங்காய்ப்பால் மட்டும் வேண்டாம்."

அவர் விரலை மடித்து எண்ணிப் பார்த்தார். "நான் கடற்கரையிலை இருக்கிறனான். இவ்வளவையும் விட்டால் மிச்சம் சோறும் உப்பும். இதைவிடப் பத்தியம் எண்டு வேறை என்ன இருக்கு?"

"அது பத்தியமில்லை. சாப்பாட்டுக் கட்டுப்பாடு."

"ஓம், ஓம். சரி, நேரங்காலம் ஏதும் இருக்கோ? வேறை மருந்தோடை சேருமோ?"

கேட்டார். இன்றும் அந்தக் கேள்வி அதே குரலில் என் காதில் இருக்கிறது. கேட்கவேண்டியவன் நான், கேட்டவர் அவர். நானோ வெளியே நின்ற வரிசையைப் பார்த்துக்கொண்டு, "எப்பவும் குடிக்கலாம். எல்லாத்தோடையும் சேரும்" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

இரண்டாவது தொகுதிப் பொடி பட்டணத்துக்கு வந்தபோது சம்மாட்டி அண்ணை போய் எடுத்துவந்தார். இந்தியப் படை இருந்த நேரம். பண்ணைப் பாலத்துச் சென்றிக் காவலரணில் சிப்பாய் ஒருவன் பெட்டியைப் பிரித்து, ஒரு பக்கற்றைக் கிழித்து, மணந்து பார்த்து, அண்ணையையே குடித்துக் காட்டச் சொன்னான். அவர் தண்ணீர் வாங்கிக் கரைத்து, நின்ற நிலையில் குடித்துக் காட்டினார். "தோடம்பழ மணம் டொக்டர், குடிக்க மண். பிறகு ரெண்டு நாளா எனக்கு வெளிக்கு இல்லை. இந்தப் பொடி பிடிச்சதை விடாது" என்றார். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். அவர் சொன்னதில் மருந்துப் புத்தகம் முழுவதும் இருந்தது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்கழி முடிவதற்குள் அக்கா மாறத் தொடங்கினார். முதலில் நித்திரை. பிறகு குளிர். நல்ல வெயிலிலும் போர்வையைப் போர்த்துக்கொண்டு இருப்பார். முகம் ஊதியது. மலச்சிக்கல் என்றார், பொடிக்கு அப்படித்தான் என்றேன். அலுப்பு என்றார், வயசுக்கு அப்படித்தான் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் விளக்கம் இருந்தது. தை மாதம் திரும்ப இரத்தம் சோதித்தபோது கொழுப்பு முன்னையைவிடக் கூடியிருந்தது.

"அக்கா, கள்ளமா இறால் தின்னுறியளோ?"

"திருஇருதய ஆண்டவராணை இல்லை தம்பி. இவர் எனக்கு முன்னாலை இருந்து பொரிச்சுத் தின்னுறார், நான் சுவரைப் பாத்துக்கொண்டு இருக்கிறன்."

நான் நம்பவில்லை. பொடியைக் கூட்டினேன். ஒரு நாளைக்கு இரண்டு பக்கற் குடித்தவரை நாலு குடிக்கச் சொன்னேன்.

தபசு காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் வந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை பாட்டுத் தொடங்கியபோது அக்காவுக்குக் குரல் வரவில்லை. தடித்து, கரகரத்து, நாலாவது வரியில் நின்றுபோனது. சுவாமியார் நல்ல மனுஷன். அக்காவை வாங்கில் இருத்திவிட்டு, ஞானோபதேசம் படிப்பிக்கிற ரீச்சரைப் பாடச் சொன்னார். ரீச்சருடைய குரலில் ஒரு பிழையும் இல்லை. அதுதான் அதிலிருந்த பிழை என்று ஊர் சொன்னது.

திங்கட்கிழமை சம்மாட்டி அண்ணை தனியே வந்தார். பகிடி ஒன்றும் விடவில்லை. துவாயைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றார்.

"டொக்டர், அவவுக்குச் சாகிறதுக்குப் பயமில்லை. பெரிய வெள்ளிக்குப் பாட ஏலாமல் போயிடுமோ எண்டுதான் பயம். இரவிரவா அழுறா. நீங்கள் ஒருக்கால் வீட்டை வந்து பாருங்கோ."

அடுத்த நாள் காலையில் டிஸ்பென்சரி திறக்கமுன் போனேன். அக்கா குசினியில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பப் பார்த்தார், நான் வேண்டாம் என்றேன். "இருங்கோ தம்பி, மருந்தைக் குடிச்சிட்டு வாறன்" என்றார். ஒரு கோப்பையில் பொடியைக் கரைத்து வைத்திருந்தார். பிறகு ஒரு சின்னக் கல்வத்தை எடுத்தார். தொண்டைக் குளிசையை அதற்குள் போட்டு வடிவாக அரைத்தார். அரைத்ததைச் சுண்டி, ஒரு துகளும் வீணாகாமல், பொடி கரைத்த கோப்பைக்குள் தட்டினார். கரண்டியால் கலக்கினார்.

"என்ன செய்யிறியள்?" என்று கேட்டேன்.

"அனுபானம் தம்பி. எங்கடை அப்பு நாட்டுப் பரியாரி. மருந்தைச் சும்மா குடிக்கக்கூடாது, தேனிலையோ இஞ்சிச் சாறிலையோ குழைச்சுக் குடிக்கவேணும், அதுதான் மருந்தை உள்ளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்டு சொல்லுவார். இந்தக் குளிசை சின்னன். ஜெர்மனி மருந்து பெலத்தது. இதுக்கை போட்டால் கொண்டுபோய்ச் சேர்க்கும் எண்டு முதல் நாளிலை இருந்து இப்பிடித்தான் குடிக்கிறனான். நீங்களும் எல்லாத்தோடையும் சேரும் எண்டனீங்கள்தானே?"

அவர் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனார். நான் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டேன். ஏன் என்று எனக்கே அப்போது சரியாகத் தெரியாது. சம்மாட்டி அண்ணை சொன்னதுதான் ஞாபகம் வந்தது: பிடித்ததை விடாது.

"இண்டைக்குப் பொடி வேண்டாம். புதுக் குளிசை ஒண்டை வெறுந்தண்ணியிலை குடியுங்கோ. நான் வாறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். டிஸ்பென்சரி வாசலில் சனம் நின்றது. ஒருவரையும் பார்க்காமல் உள்ளே போய் அலுமாரியைத் திறந்தேன். நான் மூடிவைத்த இடத்துக்கு அடுத்த பந்தியிலேயே இருந்தது. அந்தப் பொடி பித்தத்தை மட்டும் பிடிக்காது. கூட வருகிற மற்ற மருந்துகளையும் பிடித்துக்கொண்டு போய்விடும். அந்த மருந்துகளில் தொண்டைச் சுரப்பிக் குளிசையின் பெயரும் இருந்தது. மற்ற மருந்தைப் பொடிக்கு ஒரு மணித்தியாலம் முன்னாலோ, நாலிலிருந்து ஆறு மணித்தியாலம் பின்னாலோ கொடுக்கவேண்டும்.

இன்னும் மோசமானது ஒன்று எனக்குப் புத்தகம் இல்லாமலே தெரியும். சுரப்பிக் குளிசை உடம்புக்குள் சேராவிட்டால் இரத்தத்தில் கொழுப்புக் கூடும். கூடியது. நான் பொடியைக் கூட்டினேன். கூட்டின பொடி மிச்சக் குளிசையையும் கொண்டுபோனது. அந்த மனுஷி இறாலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று சொன்னால் போதாது, வாசலில் நின்ற சனத்தின் முகத்தைப் பார்க்கவே அன்று பயமாக இருந்தது.

பின்னேரம் ஒரு முழுத்தாளோடு திரும்பப் போனேன். தலைப்பில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன்: பத்தியம். கீழே, ஒரு மாதத்துக்குப் பொடி வேண்டாம். தொண்டைக் குளிசை விடியக் காலையில், வெறுவயிற்றில், வெறுந்தண்ணீரில். அரைக்கக்கூடாது, குழைக்கக்கூடாது. ஒரு மணித்தியாலம் கழித்துத்தான் தேத்தண்ணீர். பிறகு பொடி தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும். ஒருசந்தி விரத நாளிலும் மத்தியானம் ஒருநேரச் சாப்பாடு உண்டு, ஆகவே அப்போதும் அப்படியே.

அக்கா மெதுவாக வாசித்தார். "பத்தியம் இல்லை எண்டனீங்கள்."

"இப்ப புதுசா வந்திருக்கு" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"ஓம், புதுசா வந்திருக்கும்" என்று அவர் தாளை அந்தோனியார் படத்துக்குக் கீழே செருகிவைத்தார்.

அதற்குப் பிறகு பெரிய வெள்ளிக்கு ஐந்து கிழமை இருந்தது. பட்டணத்து டொக்டருக்கு நடந்ததை எழுதினேன். அவர் நான் செய்தது சரி, பொறுத்திரு என்று எழுதினார், நான் முன்பு செய்ததைப் பற்றி நல்லகாலம் ஒன்றும் எழுதவில்லை. முதலில் அக்காவின் போர்வை போனது. பிறகு நித்திரை போனது. முகம் வற்றியது. நாலாவது கிழமை புருஷனைத் திட்டுகிற சத்தம் றோட்டில் கேட்டதாக ஓடலி வந்து சொன்னார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் குரல் ஆறுதலாகத்தான் வந்தது. சம்மாட்டி அண்ணை ஊரெல்லாம் டொக்டர் தன் பெண்சாதியைக் காப்பாற்றிவிட்டார் என்று சொல்லித் திரிந்து, எனக்கு ஒரு பெரிய விளைமீனும் கொண்டுவந்து தந்தார். அந்த மீன் எனக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பெரிய வெள்ளிக்கு ரீச்சரும் அக்காவும் ஆளுக்குப் பாதியாகப் பாடுவது என்று சுவாமியார் முடிவு செய்தார். தாயின் பாட்டு அக்காவுக்கு. நான் கோயிலின் பின்பக்கம், செருப்பைக் கழற்றிவைத்த இடத்தில் நின்றேன். அக்கா தொடங்கினார். அதே குரல், கொஞ்சம் மங்கல்.  தாய் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற இடத்தில் குரல் மேலே ஏறவேண்டும். ஏறியது, பாதியில் உடைந்தது. ஒரு நிமிஷம் ஒன்றும் இல்லை. பிறகு கீழே இறங்கி, உடைந்த குரலிலேயே பாடி முடித்தார்.

கோயில் முழுவதும் விம்மியது. அக்கா ஜெர்மனியில் இருக்கும் மகனை நினைத்து அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அங்கே இருந்த பெண்களில் அரைவாசிப் பேருக்கு மகன்கள் கடல் தாண்டி இருந்தார்கள். அழாதவர்கள் இல்லை. குரல் உடைந்தது அழுகையால் இல்லை, என்னுடைய மருந்துத்துண்டால் என்று எனக்கு மட்டும் தெரியும். நானும் அழுதேன்.

சனம் கலைந்த பிறகு கிணற்றடியில் அக்காவிடம் போனேன். "அக்கா, அந்தப் பத்தியம் புதுசா வந்ததில்லை. புத்தகத்திலை முதலே இருந்தது. நான்தான் வாசிக்கேல்லை. நீங்கள் கேட்டனீங்கள், நான் கேக்கேல்லை. பிழை என்னிலை."

அக்கா முகத்தைக் கழுவிச் சீலைத் தலைப்பால் துடைத்தார். "தெரியும். அண்டைக்குக் கோப்பையைப் பிடிச்சியளே, அப்பவே உங்கடை முகத்திலை எழுதியிருந்தது. எப்ப வந்து சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அஞ்சு கிழமை எடுத்திட்டியள். என்ன செய்யிறது, உங்கடை சைவத்திலை சுவாமியாரிட்டைப் பிழையைச் சொல்லுற பாவசங்கீர்த்தனம் இல்லைத்தானே, பழக்கமில்லை."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"அந்த இடம்..." என்றேன்.

"அந்த இடம் அடுத்த வருசம் ஏறும். நீங்கள் இனி ஆரும் பத்தியம் கேட்டால் பாயாதேங்கோ. அது உங்களுக்குத் தண்டனை."

தண்டனையை நிறைவேற்றினேன். வருகிறவர்களை இருத்தி, காலையில் எழும்பியதிலிருந்து வாய்க்குள் போவது எல்லாவற்றையும் சொல்லவைத்தேன். பரியாரி தந்த சூரணம், மச்சான் கனடாவிலிருந்து அனுப்பிய சத்துக் குளிசை, பக்கத்து வீட்டுக்காரி மிச்சம் என்று தந்தது, எல்லாம் வெளியே வந்தன. வரிசை வேலிவரை நீண்டது. வாசலில் ஓடலிக்கு வேலை குறைந்துபோனதில் அவருக்கு என்னோடு கொஞ்சம் மனவருத்தம். அக்காவின் குளிசை ஒழுங்காகச் சேரத் தொடங்கியதும், சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சேர்ந்து, கொழுப்பும் பெரிய அளவில் இறங்கிவிட்டது. பிறகு பொடிக்குப் பெரிய தேவையும் இருக்கவில்லை.

அடுத்த வருஷப் பெரிய வெள்ளி, நாங்கள் எல்லோரும் சண்டைக்குப் பயந்து தீவை விட்டு ஓடுவதற்குச் சில மாதங்கள் முன்பு வந்தது. அன்று பாட்டு முழுவதும் அக்காதான். அந்த இடம் வந்தது. குரல் ஒரு கீறலும் இல்லாமல் ஏறி, மேலே நின்று, தானாக இறங்கியது. அப்படி ஒரு குரலை நான் அதற்குப் பிறகு எங்கேயும் கேட்கவில்லை.

வெளியே வந்தோம். பெண்கள் கூடி நின்று கதைத்துக்கொண்டிருந்தார்கள். "நல்லாத்தான் பாடினவ. எண்டாலும் போன வருசம் மாதிரி வரேல்லை. போன வருசமெல்லோ நெஞ்சு உருகினது" என்றார் ஒருவர். எல்லோரும் ஓம் என்றார்கள். சம்மாட்டி அண்ணையும் ஓம் என்றார்.

அக்கா கூட்டத்துக்கு மேலால் என்னைப் பார்த்தார். "டொக்டர் தம்பி, கேட்டியளே? அடுத்த தபசுக்கு ஒரு மாதம் முந்தி, பொடியையும் குளிசையையும் திரும்பச் சேர்த்துக் குடிக்கட்டோ?"

நான் இரண்டு கையையும் எடுத்து அவரைக் கும்பிட்டேன்.